கழிப்பும் கழிவும்

தமிழில் 'கழி' என்ற ஒரே வினையடியிலிருந்து கழிப்பு என்றொரு சொல்லும் கழிவு என்றொரு சொல்லும் பிறந்திருக்கின்றன. கண் திருஷ்டியைப் போக்கச் செய்கிற காரியம் கழிப்பு. செய்து முடித்தபின் தெருவில் கிடப்பது கழிவு. முன்னதில் ஏதோ ஒரு சக்தி இருப்பதாகவும் பின்னதில் நாற்றம் மட்டுமே இருப்பதாகவும் நினைத்துக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்துக் கணக்கில் இதே சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. ஏழிலிருந்து மூன்றைக் கழித்தால் நான்கு. கழித்த மூன்று எங்கே போயிற்று என்று எந்த வாத்தியாரும் கேட்பதில்லை. கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கணக்குக்கு வெளியே, சேலம் நாமக்கல் சமவெளியில் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆயுத பூஜை தமிழ்நாடு முழுவதும் உண்டு என்றாலும் இந்தப் பக்கத்தில் அதற்குத் தனியான கனம் இருக்கிறது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். சங்ககிரியில் லாரித் தொழிலையே நம்பிய குடும்பங்கள். திருச்செங்கோட்டிலிருந்து இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள். இங்கே ஆயுதம் என்றால் அரிவாளோ கலப்பையோ அல்ல, சக்கரம். அன்றைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பிறகு வெண்பூசணி. காம்புப் பக்கம் சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, வண்டிக்கு மூன்று முறை சுற்றி, நடுரோட்டில் ஓங்கி உடைக்கிறார்கள். காசைப் பொறுக்கப் பையன்கள் ஓடிவருகிறார்கள். வெள்ளைச் சதையில் குங்குமச் சிவப்பு பரவித் தார் ரோட்டில் கிடக்கிறது. இருட்டியபின் அதில் சறுக்கி விழுகிறவன் பூசணிக்காரனுக்கு முன்பின் தெரியாத ஒரு மோட்டார் சைக்கிள்காரன். ரோட்டில் பூசணி உடைக்காதீர்கள் என்று காவல் துறையும் நகராட்சிகளும் வருஷா வருஷம் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இது பேயோடும் பார்வையோடும் சம்பந்தப்பட்ட காரியம். காலமும் அதற்குரிய காலமே. மகாளய பட்சத்தில் இறந்தவர்கள் வீட்டு வாசல்வரை வந்து எள்ளும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அந்த அமாவாசைக்கு அடுத்த நாள் நவராத்திரி தொடங்குகிறது. ஒன்பதாம் நாள் பூசணி உடைகிறது. சில வாரங்களில் நரக சதுர்த்தசி. நவம்பர் 2 அன்று கிறிஸ்தவர்கள் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். கூஷ்மாண்டம் என்பது வெண்பூசணிக்கு ஸம்ஸ்கிருதப் பெயர். ஒருவகைப் பூதகணத்துக்கும் அதே பெயர். புதிதாகக் கட்டுகிற வீட்டின் முகப்பில், முழித்த கண்ணும் கோரைப்பல்லும் வரைந்து பூசணியைத் தொங்கவிடுகிறோம். இந்தக் காயும் பேயும் நெடுநாள் கூட்டாளிகள்.

மேற்கே இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது. அக்டோபர் 31 இரவு கொண்டாடப்படும் ஹாலோவீன். கெல்டிக் மக்களின் ஸவின் என்ற பருவ முடிவுப் பண்டிகையிலிருந்து அது வளர்ந்ததாகச் சொல்வார்கள். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியபின் டர்னிப்பின் இடத்தில் மஞ்சள் பூசணி வந்தது. நம் பக்கத்தில் அரசாணிக்காய் என்கிறோமே, அந்த இனம். இன்று அந்தப் பண்டிகையில் பூசணியும் பிளாஸ்டிக் எலும்புக்கூடும் ஒருநாள் மட்டும் போட்டுக் கழற்றும் பாலியெஸ்டர் உடுப்பும் மலையாகக் குவிகின்றன. அங்குள்ள பொறுப்பான ஆட்கள் யோசனை சொல்கிறார்கள்: குடைந்தெடுத்த சதையைச் சூப் வையுங்கள், ஓட்டை உரக்குழியில் போடுங்கள், பழைய துணியில் பேய்வேஷம் தைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல யோசனைகள். ஆனால் அவை ஏன் அங்கே எளிதாக இருக்கின்றன என்று யோசிக்கவேண்டும். அந்தப் பூசணியில் இப்போது பயம் இல்லை. பேய் வெளியேறிவிட்டது, முகம் மட்டும் இருக்கிறது. அதனால் அதைச் சூப் வைத்துக் குடிக்கலாம். திருஷ்டி சுற்றிய பூசணியை நாமக்கல்லில் யாரும் கூட்டு வைக்கமாட்டார்கள். நம் பூசணியில் பயம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிக்கனம் பற்றிய அறிவுரை இந்தப் பயத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். சுற்றிக்கொண்டு போக முடியாது.

பயத்தை மறுத்துவிடலாம் என்று ஒரு பதில் உண்டு. 1944-இல் திராவிடர் கழகம் என்ற பெயர் பிறந்த ஊர் சேலம். 1971-இல் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்த ஊரும் அதுதான். பூசணி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. தோற்றுப்போன வாதம் என்று இதைச் சொல்ல வரவில்லை. வாதம் ஒரு தளத்தில் நிகழ்கிறது. பயம் வேறு தளத்தில் இருக்கிறது. தவணைக்கு வாங்கிய வண்டியில், தன்னுடையதல்லாத சரக்கை ஏற்றிக்கொண்டு, மொழி தெரியாத ஊர்களின் வழியாக அஸ்ஸாம் வரை போகிறவனுக்கு, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது மூடநம்பிக்கை அல்ல. அவன் பயப்படுவது நடக்கக்கூடிய ஒன்றுக்கு. அந்தப் பயத்துக்கு 'கண்' என்று பெயர் வைத்து, ஒரு காயில் இறக்கி, உடைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். இதைவிட மலிவான தைரியம் அவனுக்கு எங்கே கிடைக்கும்? உடைப்பது வீண் என்று கூட்டிக் கழித்துச் சொல்கிறவர்கள், அவன் எதை வாங்கினான் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அளவுக் கணக்கே பார்ப்பதானாலும், குற்றத்தைச் சடங்கின் தலையில் ஏற்றுவது சரியல்ல. வண்டிக்கு ஒரு பூசணி, கடைக்கு ஒரு பூசணி உடைகிறது. சந்தை ஓரத்திலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் உடையாமலே அழுகிக் கிடப்பவை குவியல் குவியலாக. பூஜை முடிந்த மறுநாள் வாழைக்கன்றுக்கும் வெண்பூசணிக்கும் விலையில்லை. கொண்டுவந்த வியாபாரிக்குத் திரும்ப ஏற்றிப்போகிற வாடகை கட்டுப்படியாகாது, விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இத்தனைக்கும் வெண்பூசணி, சாம்பல் பூத்த அதன் தோலால், அறுத்தபின்னும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கக்கூடிய காய். மோர்க்குழம்புக்கும் காசி அல்வாவுக்கும் ஆகிற காய். விற்காமல் நின்ற பூசணியை யாரும் எதற்கும் சுற்றவில்லை. அதில் தோஷம் ஏறவில்லை. தின்னக்கூடாது என்று எந்தச் சாஸ்திரமும் தடுக்கவில்லை. ஆனாலும் அழுகுகிறது. ழார்ழ் பத்தாய் 1949-இல் எழுதிய நூலில், ஒரு சமூகம் தன் உபரியைத் திருவிழாவிலோ போரிலோ எப்படியாவது செலவழித்தே தீரும் என்று வாதிட்டார். அவர் பேசியது மனிதர்கள் அறிந்து செய்கிற விரயத்தைப் பற்றி. பஸ் நிலையத்துக் குவியலில் அந்த அறிதல் இல்லை; பயமில்லை, வேண்டுதலில்லை, கொண்டாட்டமும் இல்லை. வெறும் விலை வீழ்ச்சி. உடைந்த பூசணியைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உடையாத பூசணியைப் பார்ப்பதில்லை.

சடங்கின் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. சிவப்புத் தடவிய பூசணி உண்மையில் ஒரு உடல். காளிகா புராணம் போன்ற நூல்கள் பூசணியைப் பலிப்பொருள்களில் ஒன்றாகவே சொல்கின்றன. ஆட்டுக்குப் பதில் காய், ரத்தத்துக்குப் பதில் குங்குமம். அதாவது, இந்தச் சடங்கு ஏற்கனவே ஒரு சிக்கனத்தைச் செய்து முடித்திருக்கிறது. ஓர் உயிரை மிச்சம் பிடித்திருக்கிறது. 1950-இல் இயற்றப்பட்ட விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2003-இல் கண்டிப்பாக அமல்படுத்தப் பார்த்தது. 2004-இல் சட்டத்தையே திரும்பப் பெறவேண்டியதாயிற்று. உத்தரவால் ஆகாத மாற்றத்தைச் சடங்கு பல இடங்களில் தானாகவே உள்ளிருந்து செய்துகொண்டிருக்கிறது. ஆகவே சடங்கு மாறாது, மாறக்கூடாது என்று சொல்கிறவர்களுக்குப் பூசணியே பதில். அது ஏற்கனவே மாறிவந்த ஒன்று. அது எடுத்துவைக்கவேண்டிய அடுத்த அடி எது என்பதுதான் கேள்வி.

அதற்கு, கழித்த மூன்று எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்.

திருஷ்டி கழித்ததை முச்சந்தியில் போடுவது வழக்கம். முச்சந்தி யாருடைய வீடும் அல்ல என்பதுதான் அதன் தகுதி. தாண்டாதே, மிதிக்காதே, தொடாதே என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் யாரோ தொடத்தான் போகிறார்கள் என்பது முதலிலிருந்தே தெரிந்த விஷயம். உள்ளே போட்ட காசு அதற்குச் சாட்சி. காசைப் பொறுக்குகிறவன் அதோடு ஒட்டியிருப்பதையும் எடுத்துக்கொண்டு போகிறான். அது ஒரு கூலி. இது நமக்கு மட்டுமே உரிய ஏற்பாடு அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்ற ஆங்கிலேயர், வேல்ஸ் எல்லைப்பக்கத்தில் பாவம் தின்கிறவர்கள் இருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். பிணத்தின்மேலாகக் கொடுக்கப்படும் ரொட்டியைத் தின்று, சில்லறைக் காசு வாங்கிக்கொண்டு, இறந்தவனின் பாவத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிற ஏழைகள். ஹாலோவீனில் குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவதற்குப் பின்னாலும், ஆத்துமாக்கள் திருநாளில் ஏழைகள் வீடு வீடாக ரொட்டி வாங்கி, அந்த வீட்டு இறந்தவர்களுக்காக ஜெபித்த வழக்கம் இருக்கிறது. பயப்படுகிறவன் தன் பயத்தை இல்லாதவனிடம் கொடுத்துக் காசும் கொடுப்பது உலகத்தில் பழைய வியாபாரம்.

இன்றைய சேலத்தில் காசைப் பையன்கள் எடுத்துக்கொண்டுபோய்விடுகிறார்கள். பூசணியை எடுப்பவர் வேறு ஆள். விஜயதசமி அன்று ஊரே விடுமுறையில் இருக்கும்போது கூடையும் விளக்குமாறுமாக வருகிறவர். அரசு அவருடைய பெயரைத் துப்புரவுப் பணியாளர் என்பதிலிருந்து தூய்மைப் பணியாளர் என்று மாற்றியிருக்கிறது. அவர் கையில் இருப்பது மாறவில்லை. நாம் தொடக்கூடாது என்று விட்டுவந்ததை அவர் தொட்டு அள்ளுகிறார்.

இங்கே உடைத்தவனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்தப் பூசணியில் தோஷம் இருப்பதாக நீ நம்புகிறாயா, இல்லையா? நம்பவில்லை என்றால், அது வெறும் காய். உடைத்த நீயே அள்ளுவதற்கு என்ன தடை? நம்புகிறாய் என்றால், உன் குடும்பத்துக்கு வரக்கூடாது என்று நீ அஞ்சுகிற ஒன்றை, தெரிந்தே, இன்னொரு குடும்பத்தின் கைகளில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். இரண்டுக்கும் நடுவே தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு: அவர் கையில் ஒட்டாது, அந்தக் கைக்கு அது பழக்கம் என்று நினைத்துக்கொள்வது. அந்த நினைப்புக்கு நம் நாட்டில் ஒரு பழைய பெயர் இருக்கிறது: ஜாதி. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; சொல்லத் தேவையும் இல்லை. ரோட்டில் விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால் போதும், சொன்னதாகிவிடும்.

மேரி டக்ளஸ் 1966-இல் எழுதியது போல, அழுக்கு என்பது ஒரு பொருளின் குணம் அல்ல. எது எங்கே இருக்கவேண்டும் என்று நாம் வைத்திருக்கும் ஒழுங்கிலிருந்து பிறப்பது. இதோடு நம் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கவேண்டும். அந்த ஒழுங்கில் பொருள்களுக்கு மட்டும் அல்ல, மனிதர்களுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. முச்சந்தி என்பது ஒரு இடம் மட்டும் அல்ல. அது ஒரு ஆள். குப்பையைப் பற்றிய நம்முடைய பொதுவான மனப்பான்மையும் இதே முச்சந்தி மனப்பான்மைதான். எருமாபாளையமும் செட்டிச்சாவடியும் சேலத்துக் குப்பையைச் சுமந்த இடங்கள். நகரம் அதைக் கழித்துவிட்டதாக நினைத்தது. அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு அது கூட்டலாகவே இருந்தது. 2016-ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லின. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இவை எதை எறிவது, எப்படி எறிவது என்பதைப் பற்றியவை. எறிந்தது யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்வி இவற்றுக்கு வெளியே நிற்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. திருஷ்டி கழிக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று முச்சந்தி முறை. மற்றது அடுப்பு முறை. குழந்தை சோறு தின்னாமல் சிணுங்கினால் பாட்டி உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்துச் சுற்றி, அதைத் தெருவில் எறிவதில்லை. தன் அடுப்பிலேயே போடுகிறாள். வெடிக்கிறது. நெடி வந்தால் வீட்டிலிருப்பவர்களே இருமுகிறார்கள். அந்த வீட்டுத் தோஷம் அந்த வீட்டு நெருப்பில் எரிந்து அந்த வீட்டுச் சாம்பலாகிறது. அடுத்த நாள் பாத்திரம் விளக்க அந்தச் சாம்பலே ஆகிறது. பயத்தை மறுக்கவில்லை, இன்னொருவரிடம் தள்ளவும் இல்லை. குறைந்த விரயம் என்பதற்கு இதைவிடச் சரியான மாதிரியை எந்த ஊரிலிருந்தும் இரவல் வாங்கத் தேவையில்லை.

அடுப்பு முறையைப் பூசணிக்குக் கொண்டுவந்தால் சடங்கு கெட்டுவிடாதா என்று கேட்கலாம். உபேர், மாஸ் இருவரும் பலியைப் பற்றி 1899-இல் எழுதிய நீண்ட கட்டுரையில், வேதச் சடங்குகளை விரிவாக ஆராய்ந்து, பலிக்கு நுழைவு இருப்பதுபோல வெளியேற்றமும் உண்டு என்று காட்டுகிறார்கள். எஞ்சியதை என்ன செய்வது என்பதும், பலியிட்டவன் எப்படி மறுபடியும் சாதாரண உலகத்துக்குத் திரும்புவது என்பதும் சடங்கின் பகுதிகள். இதற்குப் பாரிசுக்குப் போகவேண்டியதுகூட இல்லை. கொங்கு நாட்டு மாரியம்மன் நோன்பில், நட்ட கம்பத்தை அப்படியே விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பிடுங்கி எடுத்துப்போய்த் தண்ணீரில் விடுகிறார்கள். முளைப்பாரியைத் தலையில் சுமந்துபோய்க் கரைக்கிறார்கள். கரைத்தபின்தான் நோன்பு முடிகிறது. அந்த அளவுகோலால் பார்த்தால், ரோட்டில் சிதறிக் கிடக்கும் பூசணி முடிந்துபோன சடங்கு அல்ல; பாதியில் நின்ற சடங்கு. அதன் மீதிப் பாதியை ஒரு கூலிக்காரர் செய்துமுடிக்கிறார், நம்பிக்கையும் இல்லாமல், நன்றியும் பெறாமல்.

இது சின்ன விஷயம், இதற்கு இத்தனை தத்துவம் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு பூசணியைக் குனிந்து அள்ளுவதால் குப்பைமேடு குறையாது என்பது உண்மை. ஆனால் ஆயுத பூஜையின் நடுக்கருத்தை மறந்துவிடக்கூடாது. அது அடிப்படையில் எதையும் உடைக்கிற பண்டிகை அல்ல. கருவிகளைத் துடைத்துவைத்து, ஒருநாள் அவற்றிடம் வேலை வாங்காமல் இருக்கிற பண்டிகை. புத்தகத்தைக்கூட அன்று பிரிக்கக்கூடாது. பள்ளிப் பிள்ளைகள் இதை மட்டும் தவறாமல் கடைப்பிடிப்பார்கள். நமக்காக உழைப்பதை நின்று பார்த்து ஒரு நிமிஷம் கும்பிடுவதுதான் அந்த நாளின் அர்த்தம் என்றால், இரும்புக்கும் டயருக்கும் கிடைக்கிற அந்தக் கவனம் மறுநாள் ரோடு கூட்டுகிற மனிதருக்குக் கிடைக்காமல் போவது, பண்டிகை தன்னையே மறுத்துக்கொள்வது ஆகும்.

செய்யவேண்டியது கடினமானதல்ல. ரோட்டில் வேண்டாம், பட்டறை வாசலிலோ வண்டி நிறுத்துகிற களத்திலோ உடைக்கலாம். தெரு ஒன்றுக்கு, ஸ்டாண்டு ஒன்றுக்கு எல்லா வண்டிகளுக்கும் பொதுவாக ஒரு பூசணி போதும். கண் பட்டது ஊருக்கென்றால் கழிப்பும் ஊருக்காக இருக்கலாம். சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் ஆகும். ஆரத்திக்கு அதைத்தானே கரைக்கிறோம். உடைத்ததை எருக்குழியிலோ தென்னை மரத்தடியிலோ புதைக்கலாம். விற்காமல் நின்ற பூசணிகளை அழுகவிடுமுன் யாராவது சமைத்துப்போட ஏற்பாடு செய்யலாம். அவற்றில் எந்தக் கண்ணும் இல்லை.

இவ்வளவையும் செய்யாவிட்டால்கூட ஒன்றை மட்டும் செய்யலாம். உடைத்த கையே அள்ளட்டும். அள்ளக் கை கூசினால், அந்தக் கூச்சம் காயைப் பற்றியதா, நாளைக்கு அதை அள்ளப்போகிறவரைப் பற்றியதா என்று அந்த இடத்திலேயே நின்று யோசிக்கட்டும். வண்டி அப்புறம் கிளம்பினால் போதும்.